தம்பையா சொன்ன முதல் காரணம்

1

இந்தக் கதை ஒரு தபாலட்டையாக வந்தது. எட்டு வருடமாக என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அட்டை எனக்கு எழுதப்பட்டதல்ல. பிறர் பொருளை இவ்வளவு காலம் வைத்திருந்தவன் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் கதையாக்கப் பார்க்கிறேன்.

வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் குசினியில் இரண்டாம் அகப்பைச் சோறுகூடப் பேரம் பேசித்தான் விழும். ஆகவே நான் முதலில் நீட்டும் தொடக்கத்தை நம்பிவிடாதீர்கள்.

"1973ஆம் ஆண்டு, ஊர்காவற்றுறைக் கடல் அமைதியாக—" வேண்டாம். கடலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

"தம்பையா நல்லவர்." இதுவும் வேண்டாம். அப்படித் தொடங்கினால் உடனே அவரில் குறை தேடுவீர்கள். நானாக இருந்தாலும் தேடுவேன்.

2

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கம் (எது என்று கேட்காதீர்கள்) தன் புங்குடுதீவுக் கிளைக்கு மனேச்சர் தேடியது. நேர்முகத்துக்கு வந்தவர் தம்பையா. வயது நாற்பத்தெட்டு. வெகுதூரத்துக் குருநாகலில், நயினாதீவுக்காரரான நடராசா முதலாளியின் புடவைக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். கேள்வி கேட்க இருவர்: இளைப்பாறிய வாத்தியாரான தலைவர் தில்லைநாதன், கருவாட்டு வியாபாரியான பொருளாளர் பத்திநாதர். எழுத ஒரு லிகிதர். அது நான்.

தம்பையாவுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். தை மாதம், தீவில் இருந்த மனைவி பரிமளத்துக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளைதான் தூக்கி இருத்துகிறாள். அவளும் எத்தனை நாளைக்குத் தூக்குவாள்? தீவில் இந்த வேலை இல்லையென்றால் திரும்பவும் குருநாகல்தான்.

செய்தி கேட்ட நடராசா முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. "போய் மனுசியைப் பாரும். கடை எங்கையும் ஓடாது" என்றார். மத்தியானத்தில் தான் கண்ணயரும் சாய்மனைக்கதிரையைச் சாக்கால் சுற்றி, பரிமளம் சாய்ந்திருக்கட்டும் என்று யாழ்ப்பாண ரயிலில் ஏற்றியும் விட்டார்.

3

தில்லைநாதன் கேட்டார்: "இருவத்திரண்டு வருசம் நிண்ட இடத்தை ஏன் விட்டிட்டு வந்தனீர்?"

இங்கே கொஞ்சம் நிற்போம். புடவைக்கடையில் நரைத்த ஒரு மனிதருக்கு உள்ளதை முதல் வாயிலேயே சொல்ல ஏலாது. சேலை எடுக்க வரும் பெண் தனக்குப் பிடித்த சேலையைத்தான் முதலில் குறை சொல்வாள். கரை சரியில்லை, சாயம் போகும் என்பாள். கடைக்காரர் மறுப்பார். அவள் ஒரு படி இறங்குவாள், அவர் ஒரு படி இறங்குவார். கடைசியில் இருவரும் உண்மையில் வந்து நிற்பார்கள். தம்பையாவுக்குத் தெரிந்த பேச்சு இது ஒன்றுதான்.

"முதலாளியோடை ஒத்துவரேல்லை" என்றார். சொல்லிவிட்டு, மறுப்புக்குக் காத்திருந்தார்.

மறுக்கத் தெரிந்தவர் பத்திநாதர். அவர் அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்ப வெளியே போயிருந்தார்.

(ஒரு பிரதியில் அவரை உள்ளேயே இருத்திப் பார்த்தேன்:

"இவ்வளவு காலம் ஒத்துவந்த மனிசனுக்கு இப்ப என்ன, கொம்பு முளைச்சதே?"

"கொம்பில்லை ஐயா. எனக்கும் வயசு போட்டுது."

"நாப்பத்தெட்டு ஒரு வயசே? நான் அந்த வயசிலைதான் கலியாணம் கட்டினனான். உள்ளதைச் சொல்லும்."

"மனுசிக்கு ஏலாது ஐயா. தூக்கி இருத்த ஆளில்லை."

நல்ல பிரதி. பத்திநாதர் அந்த ஒரு வாய் எச்சிலை விழுங்கியிருந்தால் இதுதான் நடந்திருக்கும்.)

தில்லைநாதன் வாத்தியார். அவருக்கு முதல் விடையே விடை. "சரி. எழுதும் தம்பி" என்றார்.

குறை சொன்ன சேலையைக் கடைக்காரர் பேசாமல் மடித்து அலுமாரியில் வைத்துவிட்டால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும்? தம்பையாவின் முகம் அப்படி இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

அது முதல் விலைதான் என்று எனக்குத் தெரியும். அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் பொறுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சொல்லவில்லை என்று முந்திய பிரதியில் எழுதியிருந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தில் எழுதினேன்: "முதலாளியுடன் ஒத்துவராமை."

நான் எழுதிய முதல் புனைவு அது.*

4

பழைய முதலாளிக்கு ஒரு கடிதம் போட்டு விசாரிப்பது சங்கத்தின் வழக்கம். இவர் இப்படிச் சொல்கிறார், உண்மையா என்று அதையும் நானே எழுதினேன். பத்து நாளில் தபாலட்டை வந்தது.

"தம்பையா சொன்னது மெய். பிழை என்னில்தான். அவரைப்போல ஒருவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். வேலையைக் கொடுத்துவிடுங்கள். நடராசா."

வேலை கிடைத்தது. சங்கத்தின் கடிதக் கோவையில் இருக்கவேண்டிய அட்டையை நான் எடுத்தேன், தம்பையாவிடம் காட்டலாம் என்று.

தான் சொன்னதைக் காட்டி முதலாளிக்குக் கடிதம் போனது தம்பையாவுக்குப் பிறகு தெரியவந்தது. பதில் வந்தது தெரியாது. ஆனியில் அம்மன் திருவிழாவுக்கு நடராசா முதலாளி நயினாதீவுக்கு வருவார். நயினாதீவுக்கு லோஞ்சுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்கான பஸ் கிளை வாசலால்தான் போகும். பஸ் சத்தம் கேட்டால் தம்பையா மா மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார். "மனேச்சர் அண்ணை பஸ்காரனுக்கும் கடன்போலை" என்று கியூவில் நின்ற செல்லாச்சி சொல்ல, சனம் சிரிக்கும். வீட்டில் பரிமளம் அதே கதிரையில் சாய்ந்தபடி, "இந்த முறையாவது போய் அந்த மனிசனை ஒருக்காக் கண்டிட்டு வாங்கோவன்" என்பாள். அவர் அவளுடைய தலையணையைச் சரி செய்வார்.

இப்படி ஆறு ஆனி. ஏழாவதுக்கு முதலாளி வரவில்லை. பங்குனியில் காலமாகிவிட்டார்.

5

முடிவு ஒன்று: தம்பையா ஓர் ஆனியில் துணிந்து அதே லோஞ்சில் ஏறுகிறார், முதலாளிக்குப் பக்கத்தில்— இல்லை. செத்தவரை லோஞ்சில் ஏற்ற எனக்கு மனமில்லை.

முடிவு இரண்டு: அட்டை தற்செயலாகத் தம்பையாவின் கையில் கிடைக்கிறது. கிடைக்காது. லாச்சிச் சாவி என் மடியில்.

முடிவு மூன்று: நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசிப்பார். இரண்டாம் முறையும் வாசிப்பார். பிறகு திகதியைப் பார்ப்பார்.

"ஏன் தம்பி, இதை அப்பவே தரேல்லை?"

"கோவைக்குள்ளை மறைஞ்சு கிடந்தது அண்ணை."

இது என் முதல் விலை. அவருக்கும் அது தெரியாமல் இராது. அவர் மறுத்தால், விடாமல் மறுத்தால், நான் படிப்படியாக இறங்கி அன்று நான் அடக்கிய சிரிப்பில் வந்து நிற்பேன். அவர் மறுக்காமல் "சரி" என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால்?

கதையை இவ்வளவு தூரம் கேட்டவர் நீங்கள். அவருடைய இடத்தில் சற்று இருங்கள். என் காரணத்தைச் சொல்லிவிட்டேன்; மறுப்புக்காக உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

———
* பிறகு எழுதியவை சில அச்சிலும் வந்தன. இதை நம்பிய அளவுக்கு வேறெதையும் எவரும் நம்பவில்லை.