மூணாந்தேதி வகுப்பு

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. சுசித்ரா அதை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் தம்பி கௌதமன் பூக்காரரோடு பேசுவது கேட்டது. பூப்பல்லக்கா, சாதாரணப் பாடையா என்பதுதான் பேச்சு.

இரண்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். டிசம்பர் முப்பத்தொன்று, படித் திருவிழாவுக்கு மலையேறுகிற கூட்டம் காலையிலிருந்தே தெருவில் போய்க்கொண்டிருந்தது. நேரம் போனால் சாலையை அடைத்துவிடுவோம் என்று போலீஸ்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். சற்று முன்புதான் ஊற்றியிருந்தாள்.

அப்பா தங்கவேல் நேற்றுக் காலை ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கூட ஆட்டோ ஓட்டும் பாஷாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கம்பெனியிலிருந்து சுசித்ரா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாலு நாளாக அவர் அவளோடு பேசவில்லை. ஐந்து வருடமாகக் கம்பெனி கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள். ஆண்டு முடிவில் வரும் போனஸை அப்படியே அவர் கையில் கொடுப்பாள். கூரைக்கு ஷீட் போட்டது, கௌதமனுக்கு பைக் எடுத்தது, ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்டியது எல்லாம் அதில்தான். இந்த வருடம் அவரைக் கேட்காமல் அந்தப் பணத்தைத் திருவள்ளூரில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பயிற்சிக்குக் கட்டிவிட்டாள். லைசென்ஸ் கையில் இருந்தால் கம்பெனியில் வேலை நிரந்தரமாகும்.

“பொட்டப் புள்ள லோடு வண்டி ஓட்டப் போறியா? வருசமெல்லாம் நின்னுகினே சம்பாரிச்ச காச வீணாக்கிட்டியே” என்றார்.

“என் காசுதான நைனா.”

அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. நேற்றும் அவள் வைத்த டீயைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கௌதமன் உள்ளே வந்து அவளைப் பின்பக்கம் கூப்பிட்டான்.

“அக்கா, பல்லக்குன்னா இப்பவே சொல்லணுமாம். என்னாண்ட இருந்தது ஐஸ் பெட்டிக்கும் மேளத்துக்குமே சரியாப் போச்சி. அந்த ட்ரெய்னிங் ஆபீசுக்கு போன் பண்ணு. வகுப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள கேட்டா திருப்பித் தருவாங்கன்னு நீதான சொன்ன?”

“பாடையே போதும் கௌதமா.”

“ஊர்ல எவன் செத்தாலும் நைனா போய் முன்னாடி நிப்பாரு. அவர சும்மா தூக்கினு போவச் சொல்றியா? எல்லாம் பாத்துகினு இருக்காங்க.” அவன் குரல் உடைந்தது. “கடசியா உம்மேல கோவமாத்தான போனாரு. இதுகூட செய்யமாட்டியா?”

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“சுசித்ரா பேசறேன். மூணாந்தேதி வகுப்பு...”

“ஆங், உங்க பேரு லிஸ்ட்ல இருக்குங்க. காலைல ஒம்பது மணிக்கு. வந்துடுவீங்கல்ல?”

வாசலில் மேளம் திடீரென்று வேகமெடுத்தது. கௌதமன், கேள் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

“லைன்ல இருக்கீங்களாங்க?”

“இருக்கேன். வந்துடறேங்க.”

கௌதமன் வாசலுக்குப் போனான். “பல்லக்கு வேணாம்ணே” என்று அவன் சொல்வது கேட்டது.

சமையலறை வாசற்படியில் அம்மா வள்ளியம்மாள் நின்றிருந்தாள். இரண்டு கை நிறையப் புது வளையல். தலையில் உறவுக்காரர்கள் வைத்த பூ.

“என்னிக்கு?”

“மூணாந்தேதிம்மா.”

அம்மா விரல்களை மடக்கி நாட்களை எண்ணத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள்.

“ரயில்லயா போவ?”

“ஆங்.”

“நைனாவுக்குத் தலையில எண்ணெ வெக்கணும். வா.”

ஒன்றே முக்காலுக்கு எடுத்தார்கள். தீச்சட்டியோடு முன்னால் போன கௌதமன் அவள் பக்கம் திரும்பவில்லை. பாஷா ஒரு மூலையைத் தோளில் தாங்கியிருந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். எதிரே பஜனை பாடிக்கொண்டு வந்த கூட்டம் தாளத்தை நிறுத்தி ஓரமாக ஒதுங்கியது. பாடை கடந்ததும் விட்ட அடியிலிருந்து மறுபடி பாடிக்கொண்டு போனது.

சுசித்ரா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினாள். வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது மஞ்சள் புடவை கட்டிய பெண் ஒருத்தி காலி பாட்டிலை நீட்டினாள்.

“மலைக்குப் போறம்மா. கொஞ்சம் தண்ணி தர்றியா?”

சுசித்ராவின் கை பாட்டில்வரை போய் நின்றது.

“இந்த வீட்ல இன்னிக்கு வேணாங்க.”

அந்தப் பெண் ஈரத் தரையையும் தெருவில் சிதறியிருந்த பூவையும் பார்த்தாள். பாட்டிலை மெதுவாக மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சுசித்ரா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு கேட்டருகே போனாள். உள்ளே கால் வைக்காமல் வெளியிலிருந்தே கூப்பிட்டாள்.

“அக்கா, இவங்களுக்குத் தண்ணி வேணுமாம்.”