நீல வெளிச்சத்தில் தெரியாதவர்

லிப்ட் மெக்கானிக் முதலில் நீல வெளிச்சத்தில்தான் தெரியாமல் போனார். ஒரு சாயங்காலம் வீட்டில் விளக்குப் போடாமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் கடல் வந்தபோது சோபாவில் அவர் இருந்த இடம் காலியாக இருந்தது. கடல் போய் அடுப்பு விளம்பரம் வந்ததும் அதே இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் டியூப்லைட்டில் மறைந்தார். மழைக்காலம் முடிவதற்குள் பட்டப்பகலிலும் ஆளைக் காணோம். சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் மட்டும் மீசை முதல் செருப்பு வரை ஒழுங்காகத் தெரிந்தார். போட்டிருந்த சட்டையும் கூடவே மறைந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. வெறும் சட்டை மாடிப்படி ஏறினால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? கம்பெனியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லிப்ட் ஓடினால் சரி, ரிப்பேர் செய்கிறவர் முகத்தை அதுவரை மட்டும் யார் பார்த்தார்கள்? மகள் பள்ளியிலிருந்து வந்ததும் "அப்பா, எங்க இருக்கீங்க?" என்று கேட்பாள், பதில் வந்த பக்கம் போய் வீட்டுப்பாடத்தை விரிப்பாள்.

பயந்தது அவருடைய மனைவி ஒருத்திதான். அதற்குக் காரணம் அவள் வேலை. நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவள் குவாசர் தேடிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மலையிலிருக்கும் தொலைநோக்கி ஒரே வானத்தை நீலம், பச்சை, சிவப்பு, அதற்கும் அப்பால் என்று வெவ்வேறு ஃபில்டர் போட்டுப் படமெடுத்து அனுப்பும். முதல் படங்களில் இல்லாமல் கடைசிப் படத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். அது, பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ராட்சதக் கருந்துளை சுற்றிலும் கிடந்ததையெல்லாம் வாரி விழுங்கிக் கொதித்த வெளிச்சமாக இருக்கலாம். வருகிற வழியில் வாயு மூட்டம் அதன் நீலத்தைத் தின்றுவிடும். விரிந்துகொண்டே போகும் வெளி, மிச்சத்தையும் இழுத்துச் சிவப்பாக்கிவிடும். ஆகவே நீலத்தில் இல்லை, சிவப்பில் உண்டு என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். ரொம்பத் தூரம், ரொம்பப் பழசு.

கணவர் டியூப்லைட்டில் மறைந்த வாரம்தான் அவள் தன் வாழ்நாளிலேயே தூரமான குவாசரைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த வெளிச்சம் கிளம்பியபோது பூமியும் இல்லை, சூரியனும் இல்லை. மேடம், அதாவது அவளுடைய தலைமை ஆராய்ச்சியாளர், ஆபீஸ் முழுவதற்கும் கேக் வெட்டினார். அவள் தன் பங்கை மகளுக்கென்று பொட்டலம் கட்டிக்கொண்டாள். அந்தக் குவாசர் தின்னத் தீனி தீர்ந்து எப்போதோ அணைந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இன்று கண்ணில் படுவது, ஆள் போன பிறகு வந்துசேர்கிற வெளிச்சம். அப்படியானால் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவர்? அவரும் எப்போதோ போய்விட்டாரா? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறும் தூக்கமும் பிடிக்கவில்லை.

சோதித்துப் பார்த்தாள். சமையலறை வாசலிலிருந்து கேள்வி கேட்டு, பதில் வரத் தாமதமாகிறதா என்று காது கொடுத்தாள். மகளுக்குப் போன மாதம் வந்த காய்ச்சலைப் பற்றி ஒருநாள் அவர், "இப்ப பரவாயில்லையா அவளுக்கு?" என்று கேட்டுவிட்டார். கேள்வி ஒரு மாதம் தாமதமாக வந்துசேர்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். மறதிக்காரர் அவர், கல்யாண நாளையே மறப்பவர். அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. மகளுக்குத் துணை என்று சொல்லிப் படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்று சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் சாப்பிட்டார். குளிருது, ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டார். ஒன்றிரண்டு தரம் அவளைக் கூப்பிட்டும் பார்த்தார். அவள் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னாள். மாதங்கள் இப்படியே போயின.

கடைசியில் மேடத்திடம் அழுதே விட்டாள். மேடம் பதறவில்லை. "படத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணிட்டியா? இந்த வேலைக்குப் புதுசா நீ? நிறமாலை எடுத்தியா?" என்றார். அவள் எடுக்கவில்லை. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்தால் எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும், அதனால்தான் எடுக்கவில்லை. மேடம் அன்றே கீழ்த்தளத்து லேபில் சொல்லிவைத்தார். மலைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு புதிய நிறமாலைக் கருவியை அங்கே சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை லிப்ட் மெக்கானிக் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். ஆராய்ச்சி நிலையத்து லிப்ட் முனகுவதைக் கேட்டு, பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் காற்றைப் பார்த்துத் தலையாட்டினார். லேபில் அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். மகனுக்குத் தலை வாருகிறவரைப் போலப் பொறுமையாகக் கருவியைத் திருகிக்கொண்டிருந்த டெக்னீஷியன், "வெளிச்சம் கருவியோட பிளவுல விழ மாட்டேங்குது. மேடம் சார்பா நீங்கதானே? அவரு தோளைப் பிடிச்சு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்க" என்றார்.

அவள் அசையவில்லை. அவள் தொழிலில் யாரும் எதையும் தொட்டதில்லை. பார்ப்பது ஒன்றுதான் வழி. அதனால் இத்தனை மாதத்தில் கணவரைக் கை நீட்டித் தொடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியபோது கை ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயந்தாள். "சீக்கிரம்மா, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் டெக்னீஷியன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கை நின்றது. தோள் இருந்தது. சட்டைத் துணிக்கு அடியில் எலும்பும் சதையுமாக, ஐஸ் போல ஜில்லென்று இருந்தது.

"இவ்ளோ நாளா ஏன் கிட்டயே வரலை நீ?" என்று தோள் இருந்த இடத்திலிருந்து குரல் கேட்டது. "குளிருதுன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"நீங்க ரொம்பத் தூரத்துல இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். டெக்னீஷியன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தூரத்தில் இல்லை என்றுதான் நிறமாலையும் சொன்னது. குவாசர் தேடுகிறவர்களை ஓயாமல் ஏமாற்றுகிற ஒரு ஜாதி உண்டு: சரியாகப் பற்றிக்கொள்ளாமல் ஆறிக்கொண்டே போகும் சின்ன நட்சத்திரங்கள். ஆபீசில் அவற்றைக் குள்ளன் என்பார்கள். அவையும் நீலத்தில் தெரியாமல் சிவப்பில் மட்டும் தெரியும். ஆனால் தூரத்தில் இல்லை, பக்கத்து வீடு. மெக்கானிக் ஆறடி உயரம். மேடம் காகிதத்தைப் பார்த்து, "குள்ளன்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. குள்ளர்கள் மறுபடி பற்றிக்கொள்வதில்லை, ஆறுவதும் நிற்பதில்லை. அது அவளுக்குத் தெரியும், அதை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இப்போது சிவப்புக் கண்ணாடியிலும் அவர் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் முழுக்க ஆறி முடியப் பல கோடி வருடம் பிடிக்கும் என்பதால், அவர்கள் இருவரும் கனமான ஒரே போர்வையாக வாங்கிக்கொண்டார்கள்.