சோதனை ஓட்டத்தில் ஏழு ஆரத்தி

முப்பத்தைந்து நிமிஷம். அதற்கு மேல் போனால் ஊசிக்காட்டுவலசுக்கு பஸ் கிடையாது.

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில், காலை ஏழரை மணிக்கு, டெப்போ மேனேஜர் வெங்கடபதி இதை ஊராட்சித் தலைவி மாரியாத்தாளிடம் இரண்டாவது தடவையாகச் சொன்னார்.

"உங்க ஊருக்குன்னு தனி வண்டி ஒதுக்க வழியில்லைம்மா. காங்கேயம் வண்டி காலையில ரெண்டு நடைக்கு நடுவுல கொஞ்ச நேரம் சும்மா நிக்குது. அந்தச் சந்துல போய்ட்டு வந்துடணும். போக முப்பத்தஞ்சு, வர முப்பத்தஞ்சு. தாண்டுச்சுன்னா காங்கேயத்துக்காரங்க என்னை உரிச்சுப்போடுவாங்க."

"பதினோரு கிலோமீட்டர்தானுங்க சார். நம்ம டிரைவரண்ணன் பறந்துருவாருங்க."

டிரைவர் முஸ்தபா மீசையைத் தடவிக்கொண்டார். டெப்போவின் உபரி வண்டி ஒன்று சோதனை ஓட்டத்துக்காக உறுமிக்கொண்டு நின்றது.

இந்த உறுமலைக் கேட்க ஊர் ஏழு வருஷம் மனுக் கொடுத்திருந்தது. ரோடு சரியில்லை, அதனால் பஸ் விட முடியாது என்றது ஓர் அலுவலகம். பஸ்ஸே போகாத ஊருக்கு ரோடு எதற்கு என்றது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கோப்பு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றாறு அக்டோபரில் தலைவியான மாரியாத்தாள் ஏழே மாதத்தில் கிராவல் ரோட்டைப் போட வைத்துவிட்டாள்.

அவளுக்கு அவசரம் இருந்தது. அந்த வருஷம் ஊரில் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் பத்தொன்பது பேர். ஒன்பதாவதுக்கு வெள்ளகோவில் வர வேண்டும். பஸ் இல்லையென்றால் ஜூன் மாதம் மில்லுக்கு ஆள் பிடிக்கிற வேன் வந்துவிடும். அந்த வேனுக்கு மட்டும் ரோடு எப்போதுமே சரியாகத்தான் இருந்தது. பத்தொன்பதில் ஒருத்தி அவள் மகள் லோகப்பிரியா.

விசில் அடித்தது. வண்டியில் மேனேஜர், மாரியாத்தாள், அவளோடு வந்த நான்கு வார்டு உறுப்பினர்கள்.

தார் ரோடு முடிந்து கிராவலில் திரும்பியபோது ஏழு நிமிஷம். மாரியாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வளைவிலேயே வண்டி நின்றது.

ரோட்டின் குறுக்கே ஐந்து பெண்கள். கையில் ஆரத்தித் தட்டு.

சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். மேனேஜருக்கு, முஸ்தபாவுக்கு, கண்ணாடிக்கு, எல்லா டயருக்கும். ஐந்து நிமிஷம் போயிற்று. முதல் பஸ் அல்லவா, போகட்டும் என்று அவளும் சிரித்தாள்.

அடுத்த வலவில், பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்திருந்த இடத்தில், பூசணிக்காய். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆரத்தி. அதற்கடுத்த தோட்டத்தில் ஒரு பெரியவர் சொம்போடு ஏறியே விட்டார்.

"ஏனுங்க ஆபீசரு, மொதமொதலா வந்திருக்கறீங்க. ஒரு வாய் மோராச்சும் குடிக்காமப் போனா நல்லாருக்குங்களா?"

"அவசரமுங்க பெரியவரே..."

"மோரு குடிக்கறதுக்கு என்னுங்க அவசரம்? சித்தெ எறங்குங்க, ஊட்டுல பணியாரமும் சுட்டிருக்குது."

வெங்கடபதி கடிகாரத்தைப் பார்த்தார். மாரியாத்தாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தட்டோடு நின்ற ஒருத்தியைக் கேட்டாள்.

"ஏனக்கா, இதெல்லாம் உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"உங்கூட்டுக்காரருதான் அம்மிணி! எல்லா வலவுக்கும் சொல்லி உட்டிருக்கறாரு. எங்களோட தட்டுத்தான் பெருசாக்கும்!"

இன்னும் நான்கு தட்டுகள் பாக்கி இருந்தன. நான்குக்கும் நின்றார்கள்.

ஊர்த் தலைவாசலில் மேளம் கொட்டியது. மாலையோடு நின்றிருந்தார் காளிச்சாமி, தலைவியின் வீட்டுக்காரர். முகமெல்லாம் பல்.

"எப்படி அம்மிணி, அசத்திப்போட்டேனா?"

"கெடுத்துப்போட்டீங்க!"

மேளம் நின்றது. வெங்கடபதி தன் படிவத்தில் எழுதினார்: ஐம்பத்தெட்டு நிமிஷம்.

காளிச்சாமியின் கையில் மாலை தொங்கியது. "இல்லைங்க சார்... வந்தவிங்களைக் கவனிக்கோணுமில்லீங்களா..."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லைங்க. ஆனா இந்தப் படிவத்துல மோருக்குக் கட்டம் இல்லையே." மேனேஜர் நெற்றியில் ஏழு பொட்டு. "திரும்புற நடை சரியா இருந்தா யோசிக்கலாம். அப்பவும் இந்த அம்பத்தெட்டுக்கு எழுத்துல காரணம் வேணும். இல்லைன்னா மேல உள்ளவங்க ரோடு மோசம்னு முடிச்சுடுவாங்க."

மாரியாத்தாள் ஒரு நொடிதான் யோசித்தாள். புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

"உங்க டிவிஎஸ் ஃபிஃப்டிய எடுங்க. பஸ்ஸுக்கு முன்னால போங்க. எந்த வலவுலயும் ஒருத்தரும் ரோட்டுக்கு வரப்படாது. கையக்கூட ஆட்டப்படாதுன்னு சொல்லுங்க."

"சொன்னாக் கோவிச்சுக்குவாங்களே..."

"நாளைக்கு ஊடு ஊடாப் போயி நான் சமாதானம் சொல்லிக்கறேன். இப்பப் போங்க!"

டிவிஎஸ் ஃபிஃப்டி புகையைக் கக்கிக்கொண்டு பறந்தது. ஐந்து நிமிஷம் கழித்து பஸ் கிளம்பியது.

வேடிக்கை அப்போதுதான் ஆரம்பமானது. ஒவ்வொரு வலவிலும் ஜனங்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள், கையைக் கட்டிக்கொண்டு. சிரிப்பில்லை, சத்தமில்லை. ஓர் அம்மாள் பழக்கதோஷத்தில் தூக்கிய கையைப் பக்கத்து அம்மாள் பிடித்து இறக்கினாள்.

"என்னங்க இது, எழவு ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குது!" என்று முஸ்தபா மிரண்டார். கால் மட்டும் ஆக்சிலேட்டரை விடவில்லை.

பத்தொன்பதாவது நிமிஷம். ரோட்டோரம் ஒருவர் சீவிய இளநீரோடு நின்றார். காளிச்சாமி சொன்னபடி எதுவும் பேசாமல் அதை வெறுமனே ஏந்திக்கொண்டிருந்தார். மே மாத வெயிலில் வெங்கடபதிக்கு நாக்கு வறண்டது.

"முஸ்தபா, ஒரு நிமிஷம் நிறு..."

"நிறுத்தாதீங்கண்ணா!" மாரியாத்தாள் எழுந்தே விட்டாள். "சார், தயவுசெஞ்சு ஒக்காருங்க. டவுனுக்குப் போயி பத்து எளநி வாங்கித் தாரேனுங்க. இப்ப வண்டி நிக்காதுங்க!"

மேனேஜர் உட்கார்ந்தார். சொந்த வண்டியில் அவரை யாரும் அதட்டியதில்லை, அதுவும் இவ்வளவு மரியாதையாக.

இனி அந்த ஐம்பத்தெட்டு. ஊராட்சி வேலைகளைக் காட்டுவதற்காக அவள் தீர்மானப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை மடியில் விரித்தாள்.

"அவசரக் கூட்டமுங்க. ஆறு உறுப்பினர்ல நாலு பேரு இருக்கறீங்க, போதும். சீனிவாசலண்ணா, நீங்க முன்மொழியுங்க. வெங்கடம்மாக்கா, வழிமொழியுங்க."

"எதைங்க அம்மிணி?" என்றார் சீனிவாசலு.

"எழுதிட்டே சொல்றேனுங்க."

குலுங்கிய வண்டியில் எழுத்துகள் தண்ணீரில் அலைவது போல வந்தன.

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்ட். முப்பத்துநான்கு நிமிஷம். முஸ்தபா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். வெங்கடபதி தீர்மானத்தை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'தீர்மானம் எண் பதினான்கு. இன்று பேருந்து தாமதமானதற்குச் சாலை காரணமல்ல, எங்கள் மக்களின் உபசரிப்பே காரணம் என இவ்வூராட்சி ஒப்புக்கொள்கிறது. இனி அரசுப் பேருந்தை வழியில் மறித்து ஆரத்தி எடுப்பதில்லை என்றும், மோர், பணியாரம், இளநீர் ஆகியவை வழங்குவதில்லை என்றும், டிரைவர், கண்டக்டரின் குடும்ப க்ஷேமம் விசாரிப்பதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.'"

"க்ஷேமம் விசாரிக்கறதுக்கு மட்டும் தடை வேண்டாமுங்க அம்மிணி," என்றார் வெங்கடம்மாள். "அது மொறையில்லீங்க."

"அதுதானக்கா நம்ம ஊருல அரை மணி நேரம்."

வெங்கடபதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் எத்தனையோ காரணங்களைப் படித்திருக்கிறார். ரோட்டில் குழி, பாலம் இடிந்தது, சாதிச் சண்டை. உபசரிப்பு இதுவே முதல் தடவை. தாளின் நகலை வாங்கிப் படிவத்தோடு குத்தினார். கீழே எழுதினார்: 'ஜூன் 2 முதல் காலை 8.10-க்கு ஊசிக்காட்டுவலசிலிருந்து புறப்படலாம். பரிந்துரைக்கப்படுகிறது.' கையெழுத்துப் போட்டார்.

மாரியாத்தாள் அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தாள். பத்தொன்பது சீருடை தைக்க வேண்டும் என்பதுதான் உடனே தோன்றியது.

அதற்குள் விசில் அடித்தது. சோதனை வண்டி டெப்போவைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. ஊராட்சித் தலைவியும் நான்கு உறுப்பினர்களும் பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்றார்கள். ஊருக்குத் திரும்ப வண்டியில்லை.

காளிச்சாமி டிவிஎஸ் ஃபிஃப்டியைத் தள்ளிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். "ஏறிக்கறயா அம்மிணி?"

"அஞ்சு பேரை எங்கீங்க ஏத்துவீங்க?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள். "வாங்கக்கா, வாங்கண்ணா. இன்னும் பதினெட்டே நாளு நடந்துருவோம்."