ஒரு சொட்டுக்குக் காரணம்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ‘சொட்டு’. ஒரு சினிமாவில் வரும் ராட்சச இரும்புப் பெண்ணொருத்தியின் கண்ணிலிருந்து விழும் ஒரே ஒரு கண்ணீர்த் துளியைக் கணினியில் செதுக்கிச் செதுக்கியே ஒரு வருஷத்தைத் தொலைத்தவன். அந்தத் துளிக்குள் இரண்டு நிலாக்கள் தலைகீழாகத் தெரியும். இமையோரம் கொஞ்சம் தயங்கி நின்றுதான் உருளும்.

அந்தத் துளியால்தான், பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மனைவி வீடு திரும்பிய நாளில் அவனால் அழைத்துவரப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பையோடு காத்துக் காத்து, கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு வந்து சேர்ந்தாள். “படம் வரட்டும், ஏன்னு உனக்கே புரியும்” என்று சொல்லிவைத்திருந்தான்.

படம் வந்துவிட்டது. வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்காகப் பகல் காட்சி. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மச்சினன், நடுவில் தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளியாக அவன்.

படம் கண்ணைப் பறித்தது. மணல் புயலுக்கு மேலே ஒரு நகரமே மிதந்தது. விண்வெளியில் கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன. கதைதான் பாவம், டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்றுவிட்டது போலிருந்தது. வில்லன் செத்தான். அடுத்த காட்சியில் உட்கார்ந்து காபி குடித்தான்.

“மாமா, விண்வெளியில காத்தே கிடையாதே, தீ எப்படி எரியுது?” என்றான் மச்சினன்.

“அது எங்க டிபார்ட்மென்ட் இல்லடா.”

“செத்தவன் எப்படி வந்தான்?”

“அதுவும் இல்ல. வாயை மூடு.”

இரும்புப் பெண் மண்டியிட்டாள். மனைவி சீட்டின் நுனிக்கு வந்தாள். துளி தயங்கியது, உருண்டது, விழுந்தது. விழுந்து, நாயகனின் எரிந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிளை அணைத்தது. நாயகன் கண்ணடித்தான். பாட்டு ஆரம்பித்தது.

“ரொம்ப அழகா இருக்குங்க” என்றாள் மனைவி. “ஆனா, அவ எதுக்கு அழுதா?”

சொட்டுவுக்குக் காது சிவந்தது. இதே கேள்வியை அவனும் கேட்டவன்தான். கதை கசிந்துவிடுமென்று ஒருவனுக்குக் கண், இன்னொருவனுக்கு வாய் என்று வேலையைத் துண்டுபோட்டுக் கொடுக்கும் கம்பெனி அது. துக்கத்துக்கு ஒரு வேகம், சந்தோஷத்துக்கு ஒரு வேகம். காரணம் தெரியாமல் எப்படி உருட்டுவது என்றான். ரகசியம் என்றார்கள். இப்போதல்லவா தெரிகிறது, கதை என்று ஒன்று இருந்தால்தானே கசிவதற்கு!

விளக்கு எரிந்ததும் டைரக்டர் மைக்கைப் பிடித்தார். “நம்ம சொட்டு எங்கப்பா? எழுந்திரு! ரெண்டாம் பாகத்துல சொட்டு இல்ல, அருவியே கொட்டணும்!”

கைதட்டல். மைக் அவன் கைக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்காருவதுதான் அவன் சுபாவம். சம்பள உயர்வு கேட்கப் போய், மேலாளரின் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிய வீரன்.

“சார், அவ ஏன் அழுதா?”

“அதெல்லாம் ரெண்டாம் பாகத்துல சொல்லிக்கலாம்ப்பா.”

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

டைரக்டரின் சிரிப்பு நின்றது. “கதையை யாருப்பா பாக்கறா? ஜனங்க வாயைப் பொளந்து பாத்தா போதும்.”

“ஜனங்க என்ன மீனா சார், வாயைப் பொளக்க? இதுக்காக ஒரு வருஷம் நான் காக்க வெச்ச ஆளு இதோ பக்கத்துல உக்காந்திருக்கா. அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் இல்ல. காரணத்தைச் சொல்லுங்க, அருவி என்ன, கடலே கொட்டறேன். இல்லேன்னா ஒரு குழாயைத் திறந்து விட்டு ஷூட் பண்ணிக்கோங்க!”

மைக்கை மச்சினன் மடியில் போட்டுவிட்டு வெளியேறினான். “அப்புறம் அந்தத் தீ சார்…” என்று பின்னால் மச்சினனின் குரல் கேட்டது.

வாகன நிறுத்தத்தில் வண்டிச் சாவியைத் தேடினான். மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

“வேலை போயிடும்” என்றான்.

“அது கிடக்கட்டும். காரணமே தெரியாம எப்படிங்க உருட்டினீங்க?”

“நானா ஒண்ணு வெச்சுக்கிட்டேன்.” செருப்பைப் பார்த்தபடி சொன்னான். “அவ ஒரு வாசல்ல பையோட நிக்கறா. வர்றேன்னு சொன்னவன் வரல.”

அவள் தோள்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் அழல. உங்களைத் திட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.”

“தெரியும். வாய் வேற ஆளோட வேலையா போச்சு.”

சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். தன் பையைக் கழற்றி அவன் தோளில் மாட்டினாள்.

“தூக்கிட்டு வாங்க. அன்னைக்கே தூக்கியிருக்க வேண்டியது.”