கிணறு என்று எழுதிய வரி

மத்திகிரியில் வாடகைக்கு இருந்த சின்னராஜ், உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டினான். லீவு நாளில் பாட்டு எழுதுவான். "உன் கண்ணு ரெண்டும் கெணறுடி, உள்ள விழுந்தும் உசுரோட இருக்கேன்டி" என்று அவன் எழுதியதை ஓசூர் நண்பர்கள் இருவர் மெட்டுப்போட்டு யூடியூபில் ஏற்றினார்கள். இரண்டே மாதத்தில் டவுன் பஸ், ஆட்டோ எல்லாவற்றிலும் அதே பாட்டுதான்.

ஆயுதபூஜை அன்று கம்பெனியில் எல்லோரும் கேட்க, மைக் பிடித்துப் பாடினான். கூட்டமே சேர்ந்து பாடியது. துப்புரவு வேலை பார்க்கும் நாகம்மா மட்டும் பொரிப் பொட்டலத்தை வைத்துவிட்டு வெளியே போனாள்.

"அந்தம்மா பொண்ணு வினிதா, போன வருசம் மத்தூர்ல கெணத்துல விழுந்து செத்துப்போச்சுடா. மோட்டார் போட எறங்குன புள்ள, கால் வழுக்கிடுச்சு" என்றான் கூட வேலை செய்யும் மாதேஷ்.

சின்னராஜ் சைக்கிள் ஷெட்டுக்கு ஓடினான். நாகம்மா அங்கே நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சும்மா அழகுக்கு எழுதுனது."

"நீ நெசக் கெணத்தச் சொல்லலன்னு தெரியும் தம்பி. ஆனா 'உசுரோட இருக்கேன்'னு பாட்டுல வர்றப்ப, எம்பொண்ணு மேல ஏறி வந்துட்டாளோன்னு ஒரு நிமிசம் தோணிப்போவுது. அப்புறம் வூட்டுக்குப் போனா, அவ இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரியை மாற்ற உட்கார்ந்தான். தீ என்று எழுதினான். யார் வீட்டில் யார் வெந்தார்களோ என்று அடித்தான். வெள்ளம், கத்தி, இரண்டையும் அடித்தான். கடைசியில் எழுதியதை நண்பர்களிடம் காட்டினான். அவர்கள் சிரித்தார்கள்.

"இதுல என்னாண்ணா இருக்குது? பழசு ஒம்போது லட்சம் பேரு கேட்டது. எடுக்க முடியாது."

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண வரவேற்பில் புதிய வரியைப் பாடிப் பார்த்தான். கூட்டம் அவன் குரலை அமுக்கிக்கொண்டு பழைய வரியைக் கத்தியது. பாதியிலேயே இறங்கிவிட்டான்.

மறுநாள் நாகம்மாவிடம் போய்ச் சொன்னான். "மாத்திப் பாடுனேம்மா. யாரும் உடல."

"என்னான்னு மாத்துன?"

தயங்கி, மெட்டு இல்லாமல் சொன்னான். "உன் கண்ணு ரெண்டும் கண்ணுதான்டி, அதப் பாத்தாப் போதும் எனக்கு."

நாகம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அவளுக்குப் பெரிய கண்ணு தம்பி" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த அந்த வழியிலேயே உட்கார்ந்து அழுதாள். சின்னராஜ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.