துணியின் மறுமுனை

1

(அண்ணன் இழுத்துவிட்டால், அப்பா இழுத்தது போய்விடும்.)

அமோலக் இப்படிச் சொன்னதில்லை. அவள் மனதுக்குள் நான் வைத்த வாக்கியம் இது. கதை பிறந்தது என் சமையலறை ஜன்னலில். கிசுமுவில் அமோலக் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. ஜன்னலில் நின்றால் அவர்கள் வராந்தா தெரியும். பச்சித்தர் சிங் இறந்த மறுவாரம் ஒரு காலை, அவர் மகள் அமோலக் அங்கே நின்றாள். எதிரே லெஸ்டரிலிருந்து வந்திருந்த அண்ணன் ரவேல், கையில் அப்பாவின் நீலத் தலைப்பாகைத் துணி. ஒரு முனையை அவளிடம் நீட்டினான். அதற்குள் என் அடுப்பில் பால் பொங்கியது. அணைத்துவிட்டுத் திரும்பியபோது வராந்தாவில் யாருமில்லை.

கேட்டால் அமோலக் சொல்லக்கூடும். நான் கேட்கவில்லை. எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

பச்சித்தர் சிங் ஓர் உத்தமமான—

(வேண்டாம். இதைக் குருத்வாராவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டார்கள்.)

பஞ்சாபிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்த ஒரு தச்சர்—

(இந்தத் தெருவில் எல்லோருடைய அப்பாவும் கப்பலேறித்தான் வந்தார்.)

துணியிலிருந்தே தொடங்குகிறேன். தலைப்பாகைத் துணியை நீளவாக்கில் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முனையைப் பிடித்து நிற்க, மற்றவர் இழுத்து இழுத்து மடிப்பார். பச்சித்தர் வந்த புதிதில் மறுமுனைக்கு ஆளில்லை. வாடகை அறையின் கதவுப் பிடியில் கட்டி மடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பிடித்தாள். மனைவி போனபின் அமோலக். விடிவதற்குள் குளித்து, பிரார்த்தனையை முணுமுணுத்தபடியே வராந்தாவுக்கு வருவார். அவள் அவசரப்பட்டு இழுத்தால் மட்டும் நடுவில் ஒரு சொல் வரும்: "போலே போலே."*

* மெதுவாக என்று அர்த்தம். சுவாஹிலி, கிசுமுத் தெருக்களின் மொழி. பிள்ளைகள் இருவரும் அதைப் பஞ்சாபி என்றே நினைத்து வளர்ந்தார்கள். ரவேல் லெஸ்டர் குருத்வாராவில், படியிறங்கிய ஒரு பஞ்சாபிக் கிழவரிடம் "போலே போலே பாபாஜி" என்றிருக்கிறான். அவர் திரும்பிப் பார்த்து, "நீ எந்த ஊர் சிங்குடா?" என்றாராம். அன்று இரவு அவன் போனில் இதைச் சொன்னபோது பச்சித்தர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம்.

3

ரவேலை முதலில் கெட்டவனாக எழுதினேன். முடி வெட்டியவன், ஊரை மறந்தவன். எழுத எளிதாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஞாயிறு தவறாமல் போன் செய்தவன் அவன். வராந்தாவில் நான் பார்த்த காலைக்கு மறுநாள், வழக்கப்படி, குருத்வாராவில் எல்லோர் முன்னாலும் மூத்த மகன் தலையில் அப்பாவின் தலைப்பாகை ஏற வேண்டும். யாரோ வைத்துவிட்ட தொப்பி போல அது இருக்கக் கூடாது, தானே கட்ட வேண்டும் என்று நினைத்தான்.

வராந்தாவில் அத்தை ஹர்நாமும் பட்டாணி உரித்தபடி இருந்திருப்பாள். பச்சித்தரின் தங்கை. அவள் இல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

"முடிய வெட்டிட்டு வந்து இப்ப தலைப்பாகை கேக்கறான் பாரு. எதுலடா நிக்கும் அது, உரிச்ச தேங்காய்லயா?"

"அத்தை, நீங்க பட்டாணிய உரிங்க," என்றான் ரவேல்.

"உரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். உன்னையும் சேர்த்து."

4

முதல் முடிவு: அமோலக் முனையைப் பிடிக்கிறாள். ரவேல் இழுக்கிறான். நடுவில் அவன் "போலே போலே" என்கிறான். இருவரும் அழுகிறார்கள்.

அழகாக இருக்கிறது. பிடித்திருந்தால் நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை, ஏனென்றால் இன்னொரு காலையும் என் ஜன்னலில் தெரிந்தது. பச்சித்தர் நின்று துணி மடித்த கடைசிக் காலை. தூணில் சாய்ந்தே நின்றார். விழுந்துவிடுவாரோ என்று அமோலக் துணியைத் தளர்த்திப் பிடித்திருந்தாள். பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நல்லா இழு. நான் இன்னும் இருக்கேன்ல."

இழுத்தாள். அவரும் இழுத்தார். துணி விறைத்து நின்றது. பிறகு அவள் எந்தத் துணியின் முனையையும் பிடிக்கவில்லை. போர்வை, மேசைவிரிப்பு எதையும் தனியாகவே மடிக்கிறாள், மோவாயில் இடுக்கிக்கொண்டு.

5

ஆகவே மறுபடியும் வராந்தா.

"பிடி அமோ. எனக்குத் தனியா வரல."

ரவேல் முனையை இன்னும் நீட்டினான்.

"போலே போலே இழுக்கறேன். பாப்பாஜி மாதிரியே," என்று அப்பாவின் சொல்லையே எடுத்தான்.

அந்தச் சொல்லில் அவள் கை எழுந்தது என்று எழுதினேன். (கையைத் தூக்க என்னால் முடிகிறது. விரல்களை மூட முடியவில்லை.) அத்தை பட்டாணியிலிருந்து தலை நிமிர்த்தினாள்.

அமோலக் கையை இறக்கித் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கதவுப் பிடில கட்டிக்கோங்க வீர்ஜி," என்றாள் அண்ணனிடம். "பாப்பாஜிக்கும் மொதல்ல அதுதான் இருந்துச்சு."