எங்கட ஆள்

1

இந்தக் கதை அரைத்தூக்கத்தில் வந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே இரண்டு ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். முகங்கள் தெரியவில்லை. விழித்ததும் பெயர் வைத்தேன்: நமசிவாயம், நிலாம். ஆண்டு 1997.

2

முதல் வரைவு: ‘துறைமுகத்தில் எத்தனை பேரோடு பழகியவனோ, அந்த நிலாமிடமிருந்துதான் நமசிவாயத்துக்கு நோய்...’

(நிறுத்திவிட்டேன். நமசிவாயமும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.)

3

நமசிவாயம் யாழ்ப்பாணத்தவன், வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தான். சுற்றிவளைப்பும் சோதனைச் சாவடியுமாக இருந்த போர்க்காலத் தலைநகரில் தெரியாத ஆணை நம்பப் பயம். துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடையில் வேலைபார்த்த நிலாமை அவனுக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அவனோடு எப்போதும் ஆணுறைதான். கூடப் படித்த சண்முகலிங்கத்தோடு ஒருநாளும் இல்லை. ‘எங்கட ஆள்தானே.’ ஊர் தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், தாய் தகப்பனைத் தெரியும்.

(சண்முகலிங்கம் வேறு யாரோடு பழகுகிறான் என்று கேட்டதேயில்லை. கேட்பது மரியாதையில்லையாம்.)

4

கட்டார் நாட்டு வேலைக்காக இரத்தம் சோதித்த சண்முகலிங்கம் ஒரு மத்தியானம் அறைவாசலில் வந்து நின்றான்.

“மச்சான், எனக்கு எயிட்ஸ் கிருமி இருக்காம். நீயும் ஒருக்காச் சோதிச்சுப் பார்.”

நமசிவாயம் நிலாமைக் கடற்கரைக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னான். அலைகள் சத்தமில்லாமல் வந்து போவதுபோல் இருந்தது.

“அப்ப என்னோட மட்டும் ஏன் அவ்வளவு கவனமா இருந்தீங்க?”

“உம்மை எனக்குத் தெரியாது எண்டு நினைச்சன்.”

“மூணு வருஷமா?”

நிலாம் எழுந்து போகவில்லை.

5

இருவரும் சோதித்தார்கள். நமசிவாயத்துக்குத் தொற்றியிருந்தது. நிலாமுக்கு இல்லை. ‘நம்பாமை அவனைக் காப்பாற்றியது’ என்று எழுதினேன்.

(அடித்துவிட்டேன். காப்பாற்றியது ஆணுறை.)

ஒரு முடிவில் நிலாம் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறான். இன்னொரு முடிவில் அவன்... அதை எழுதக் கை வரவில்லை. கிளினிக் வாசலிலேயே இருவரையும் நிற்கவைத்திருக்கிறேன். வெயில் அவர்கள் தோள்களில் மஞ்சளாக வழிகிறது.

“வாங்க சிவம், முதல்ல பிளேன்டீ குடிப்போம்” என்கிறான் நிலாம்.

இனி நீங்கள் எழுதுங்கள். மருந்து கைக்கெட்டாத காலம்தான். ஆனாலும் நமசிவாயத்தை அவசரப்பட்டுச் சாகடித்துவிடாதீர்கள். அவனுக்கு இப்போது பசிக்கிறது.